கொன்ட்ரோல் இல்லாத பாதை

மரியரட்ணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாவம் என்று தோன்றுவது அதற்குப் பிறகு. சட்டைப் பையில் புத்தம் புது விசாவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பொலிசுக்குப் பயந்து மலைக்காட்டுக்குள்ளால் போவானா? போனான். நானும் அதே வாகனத்தில் இருந்தேன். அதனால் இந்தக் கதையைச் சொல்லவும் இடையில் அவனைத் திட்டவும் எனக்கு உரிமை உண்டு.

என் பெயர் கமலாம்பிகை. டுசல்டோர்ஃபில் ஒரே கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி, மரியரட்ணமும் அவன் மனைவி அன்ரனிற்றாவும் மூன்றாம் மாடி. நான் சைவம், அவர்கள் வேதக்காரர். வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுப் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் மேலே போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டு மீன்குழம்பின் வாசம் மட்டும் கீழே வரும். என் புருசன் செத்த வருடம் எனக்குத் துணையாக வந்து படுத்தவள் அன்ரனிற்றா. அவளுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தபோது நான் மேலே போய் நின்றேன். எங்களுக்குள் சொந்தம் என்று சொன்னால் அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

மரியரட்ணம் குருநகர் ஆள். ஊரில் லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டியவன். அதன் பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவி, கரையில் இருந்து மீனும் ஐஸ் கட்டியும் சந்தைக்கு இழுத்தவன். எண்பத்தேழில் எண்ணெய்க்கெல்லாம் தடை போட்டார்களே, அந்த நாட்களில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எத்தனை நடை ஓடலாம் என்று கண்டுபிடித்தவன். பாலத்து இறக்கம் வந்தால் கியரைக் கழற்றி விட்டுவிடுவான், வண்டி சும்மா உருண்டு போகும், எண்ணெய் மிச்சம். யாழ்ப்பாணத்தில் இறக்கம் என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? நாங்கள் எல்லாரும் கோப்பி மேசை மாதிரித் தட்டையான இடத்தில் பிறந்தவர்கள்.

தொண்ணூறில் இருவரும் ஜெர்மனிக்கு வந்தார்கள். அகதி வழக்கு நிராகரிப்பு. திருப்பி அனுப்பவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தும் ஒரு மடித்த கடதாசியைக் கையில் கொடுத்தார்கள். அதில் இன்ன எல்லைக்கு வெளியே போகக்கூடாது என்று எழுதியிருக்கும். போகவேண்டுமானால் அன்ட்றாக் என்ற விண்ணப்பம் எழுதி, அனுமதித் துண்டு வாங்கி, அந்தத் துண்டோடு போக வேண்டும். மரியரட்ணம் பதினேழு வருடம் இப்படி இருந்தான். பதினேழு வருடம் என்று சொல்ல ஒரு நொடி போதும், இருந்து பார்த்தால் தெரியும்.

தொண்ணூற்றாறில் ஒருமுறை, பிராங்ஃபேர்ட் பக்கம் ஒரு கூட்டாளியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று துண்டு எடுக்காமல் புறப்பட்டுவிட்டார்கள். ஒட்டோபான் என்ற பெருஞ்சாலையில் பொலிஸ் மறித்தது. கடதாசியைப் பார்த்தார்கள், எல்லையைத் தாண்டி வந்ததைக் கண்டார்கள். ரோட்டோரத்தில் மழைக்குள் இறக்கி, பிறகு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், கைரேகை எடுத்துப் பின்னேரம் விட்டார்கள். அன்ரனிற்றா அப்போது ஐந்து மாதம். அடுத்த கிழமை அது தங்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நானும்தான் அவனுக்கு எத்தனை தரம் சொன்னேன். அவன் தலையை ஆட்டுவான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் ஒட்டோபானில் சில்லு வைக்கவில்லை. எங்கே போவதென்றாலும் சின்ன ரோட்டு. கேட்டால் ஒரே பதில்: “கொன்ட்ரோல் நிப்பாங்கள் அக்கா.” பொலிஸ் சோதனைக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்லும் சொல்தான் அது. ஆனால் அவன் வாயில் அது வரும்போது வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்து ஏழில் விசா கிடைத்தது. வேலை செய்துகொண்டு நீண்ட நாள் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள், இவனுக்கும் வந்தது. தோட்ட வேலைக் கொம்பனியில் பதினொரு வருடமாக மண்ணும் புல்வெட்டும் மெசினும் ஏற்றிய இழுவையைப் பிக்கப்பில் கொழுவி இழுத்தவன். முதலாளிக் கிழவன் ஓய்வெடுத்தபோது அந்தப் பழைய பிக்கப்பையே இவனுக்குக் கொடுத்துவிட்டான். பின்னாலும் ஒரு வரிசை இருக்கை உள்ள பிக்கப்.

விசா வந்தது மார்ச் மாதம். ஏப்ரலில் அன்ரனிற்றாவின் புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். டொக்டர் நல்ல மனிசி, சுற்றி வளைக்கவில்லை. “போக விரும்பும் இடம் ஏதும் இருந்தால் இந்தக் கோடைக்குள் போய் வாருங்கள்” என்றாள்.

அன்ரனிற்றாவுக்குப் போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. பார்க்கவேண்டிய ஆள் இருந்தது. எமல்டா, அவளுடைய ஒரே தங்கச்சி. தாய் செத்தபோது எமல்டாவுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினைந்து. தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்கு மடியில் வைத்திருந்து வளர்த்தவள் இவள்தான். தொண்ணூறில் விட்டுவிட்டு வந்தாள். எமல்டா பிறகு சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜெனீவாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல். அவளுடைய விசா அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் போய்விடும் விசா. இவர்களுடைய புது விசா சுவிசுக்குள் போகக் காணாது. இடையில் ஒரு ஆறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெலிபோனில் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

“குரலைக் கேட்டுக் கேட்டு முகம் மறந்துபோச்சு அக்கா” என்று அன்ரனிற்றா என்னிடம் சொன்னாள். “போட்டோ வேறை, ஆள் வேறை. ஒருக்கால் தொட்டுப் பார்க்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

லௌஃபன்பேர்க் என்று ஒரு ஊர் இருக்கிறது. ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அதே பெயர், அந்தப் பக்கமும் அதே பெயர். இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் சுவிஸ், நடுவில் நடந்து போகிற ஒரு பழைய பாலம். அதன் நடுவில் சந்திப்பது என்று அக்காவும் தங்கையும் ரெலிபோனிலேயே தீர்மானித்துவிட்டார்கள். இவள் இந்தப் பாதியில் நிற்பாள், அவள் அந்தப் பாதியில் நிற்பாள், கட்டிப் பிடிப்பதற்கு விசா தேவையில்லை. ஜூன் மாதத்து ஒரு ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அன்ரனிற்றாவால் நிமிர்ந்து இருக்க ஏலாது. முதுகை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்குத்தான் மரியரட்ணம் அந்த வோன்வாகனை வாங்கினான். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, யன்னலுக்குத் திரை, எல்லாம் உள்ள இழுவை வீடு. ஓடும்போது அவள் பிக்கப்பின் பின்சீற்றில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருப்பாள். மணிக்கு ஒருமுறை நிறுத்தி, வோன்வாகனுக்குள் கொண்டுபோய் அரை மணித்தியாலம் படுக்கப் போடலாம். நல்ல யோசனைதான். அவன் மொக்கன் இல்லை.

வாங்கி வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். “பாருங்கோ அக்கா, என்ரை பெட்டி எப்பிடி?”

“வாயைக் கழுவும் தம்பி!” என்று பாய்ந்தேன். “வருத்தக்காரி படுக்கிற இடத்தைப் பெட்டி எண்டுறீர். எந்தப் பெட்டியிலை ஆக்களைப் படுக்க வைக்கிறவை?”

அவன் முகம் கறுத்துவிட்டது. லாண்ட்மாஸ்ரர் பழக்கத்தில் சொன்னான், வேறு என்ன. அன்ரனிற்றா யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, அவரை விடுங்கோ. பெட்டியிலை ஏறமுன்னம் பழகிப் பார்க்கிறது நல்லதுதானே?” அவளுடைய பகிடி எப்போதும் அப்படித்தான், கேட்கிறவனுக்குத்தான் குத்தும். அதற்குப் பிறகு மரியரட்ணம் அதை வீடு என்றுதான் சொல்வான்.

நானும் வருகிறேன் என்றேன். அவளைக் கழுவித் துடைத்து, நேரத்துக்கு மருந்து கொடுக்க ஒரு பெண் வேண்டாமா? வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டோம். தங்கச்சிக்கு என்று அன்ரனிற்றா கட்டி வைத்த சாமான்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கருவாடு, மிளகாய்த்தூள், இருபது கிலோ அரிசி.

“சுவிசிலை அரிசி விக்கிறேல்லையோ பிள்ளை?”

“விப்பாங்கள் அக்கா. நான் குடுத்த அரிசி எண்டு விப்பாங்களோ?”

டுசல்டோர்ஃபில் இருந்து தெற்கே ஒட்டோபானில் விட்டால் எண்பதில் ஓடினாலும் ஒரே நாளில் போகலாம். நாங்கள் இரண்டரை நாள் போனோம். ஊர் ஊராக, சிவப்பு விளக்கு விளக்காக, உழவு மெசினுக்குப் பின்னால். இடையிடையே ஒட்டோபான் தெரியும், எங்களைப் போல வோன்வாகன் இழுத்துக்கொண்டு ஜெர்மன்காரர் வரிசையாகப் போவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, உமக்கு விசா இருக்கு. உம்மடை லைசென்ஸ் தொண்ணூற்றிநாலிலை எடுத்த பழைய லைசென்ஸ், வோன்வாகன் இழுக்க விடுவினம் எண்டு நீரே சொன்னீர். வண்டிக்கு எல்லாம் கட்டியிருக்கு. பிறகென்ன பயம்?”

“பயம் இல்லை அக்கா. கொன்ட்ரோல் நிப்பாங்கள். மறிச்சா நேரம் போகும்.”

“மறிக்கட்டுமன்! காட்டிப்போட்டுப் போவம்.”

“நிற்றா பின்னாலை இருக்கிறா” என்றான், மனைவியை அவன் கூப்பிடும் பெயர் அது. மழையில் அவளை ரோட்டோரம் இறக்கி விட்ட நாள் அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது. பதினொரு வருடம் கழிந்ததும் விசா வந்ததும் அந்த நாளுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஃபிரைபேர்க்குக்குப் பக்கத்தில் நின்றோம். இனி இரண்டு வழி. ஒன்று தட்டையான வழி, பாசல் மூலையைச் சுற்றி ரைன் ஓரமாகப் போவது. மற்றது மலைக்கு மேலால் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது. முதல் நாள் இரவு வோன்வாகன்கள் நிறுத்தும் காம்பிங்கில் ஒரு ஆள், பாசல் மூலை எல்லை என்பதால் அங்கே எப்போதும் பொலிஸ் நிற்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். மரியரட்ணம் வரைபடத்தை மடித்தான். “மலையாலை போவம் அக்கா. தூரமும் குறைவு.”

நான் வாயைத் திறந்தேன். அன்ரனிற்றா என் கையைப் பிடித்து, “விடுங்கோ அக்கா, அவரைக் குழப்பாதேங்கோ, அங்கை போய்ச் சேர்ந்தாச் சரி” என்றாள். நானும் விட்டுவிட்டேன். ஊரெல்லாம் எனக்கு வாய்க்காரி என்று பெயர். பேசவேண்டிய அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கும்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு ஊர்ப் பலகை வந்தது. ஹிம்மல்றைஹ். மோட்ச ராச்சியம் என்று அர்த்தம். அதைத் தாண்டியவுடன் அடுத்த பலகை, ஹொல்லன்டால். நரகப் பள்ளத்தாக்கு. நான் வாசித்துச் சொல்ல அன்ரனிற்றா பின்னால் இருந்து சிரித்தாள்.

“இஞ்சாருங்கோ, மோட்சத்தைத் தாண்டி நரகத்துக்கோ கொண்டு போறியள்?”

“தாண்டித்தான் தங்கச்சியட்டைப் போகவேணும் நிற்றா.”

இருபக்கமும் பாறை. பிக்கப் முக்கி முனகி ஏறியது. பின்னால் அந்த வீடு எங்களைக் கீழ்நோக்கி இழுப்பது என் முதுகிலேயே தெரிந்தது. வெப்ப முள் மேலே ஏற, எஞ்சின் சூட்டை வெளியே எடுக்கவேண்டும் என்று ஜூன் மாதத்து வெயிலில் ஹீற்றரைத் திறந்து விட்டான். வியர்த்து ஊற்றியது. பின்னால் கார்கள் வால்பிடித்து நின்று ஹோர்ன் அடித்தன. இரண்டு தரம் ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினையும் ஆறவிட்டு, அவளையும் படுக்கப் போட்டு எழுப்பினோம். மேலே ஒரு பெரிய ஏரிக்கரைக்கு வந்தபோது பன்னிரண்டரை. அன்ரனிற்றா சீலை மாற்றவேண்டும் என்றாள். வோன்வாகனுக்குள் வைத்து அந்தப் பச்சைச் சீலையை உடுத்தி விட்டேன். இடுப்பில் நிற்கவில்லை, ஊசி குத்தி நிறுத்தினேன். பவுடர் போட்டு, உதட்டுக்குக் கொஞ்சம் வசலீன் பூசினாள்.

“என்னைக் கண்டு பயப்பிடுவாளோ அக்கா?”

“விசர்க் கதை கதையாதை” என்றேன்.

காட்டுக்கு நடுவால் இறக்கம் தொடங்கியது. கீழே எங்கோ ரைன் ஆறு, அதற்கப்பால் சுவிஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன. மரியரட்ணத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இனிப் பிரச்சினை இல்லை அக்கா. ஏறினதுதான் கஷ்டம், இறங்கிறது சுகம்” என்றான். சொல்லிவிட்டு, இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கியரைக் கழற்றி விட்டான். அந்த மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம், எங்கள் பாலத்து இறக்கம்! எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எஞ்சின் சத்தம் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டதுதான் எனக்குத் தெரியும். என்ன சுகமான ஓட்டம் என்று நானும் நினைத்தேன். வெட்கக்கேடு.

இறக்கம் முடியவில்லை. வளைவுக்குப் பின் வளைவு. பின்னால் அந்த வீடு தள்ளத் தொடங்கியது. அவன் பிரேக்கை அமத்தினான், விட்டான், பிறகு விடாமலே அமத்திக்கொண்டிருந்தான். கருகிய மணம் வந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன், சில்லில் இருந்து புகை.

“தம்பி, புகையுது!”

அவன் எட்டி மிதித்தான். பிரேக்கில் கால் அடிவரைக்கும் போவதைப் பார்த்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. “மாதாவே” என்றான். கைப்பிரேக்கை இழுத்தான். இடப்பக்கம் மரம் ஏற்றுவதற்கு வெட்டிய காட்டுப்பாதை ஒன்று மேல்நோக்கிப் பிரிந்தது. அதற்குள் அப்படியே திருப்பினான். கல்லிலும் வேரிலும் குதித்துக் குதித்து ஏறி, ஏற்றத்தில் வேகம் செத்து, வண்டி நின்றது. ஒன்றும் உடையவில்லை. ஆனால் பின்னால் அன்ரனிற்றா ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

இருவருமாக அவளைத் தூக்கி வோன்வாகன் கட்டிலில் கிடத்தினோம். நோவுக்குக் குளிசை கொடுத்தேன். அசைக்க ஏலாது, முதுகைத் தொட்டாலே துடித்தாள். மணி ஒன்றே முக்கால். மரியரட்ணம் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு சில்லில் ஊற்ற ஓடினான். “நைன்! நைன்!” என்று ஒரு பெண் தடுத்துக் கத்திக்கொண்டு வந்தாள். மேலே வயலில் உழவு மெசினில் நின்ற வெள்ளைக்காரி. சூட்டில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்று கானைப் பிடுங்கினாள். பிறகு கியர்க் கம்பைப் பார்த்துவிட்டு அவனைத் திட்டினாள் பாருங்கள், நான் திட்டவேண்டிய முழுவதையும் ஜெர்மனில் அவள் திட்டினாள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் போகவேண்டும், எஞ்சின்தான் வண்டியைப் பிடித்திருக்கும், பிரேக் இல்லை, மலையை ஆயுளில் கண்டதில்லையா என்று. இல்லை என்று அவன் தலையாட்டினான்.

உள்ளே வந்து அன்ரனிற்றாவைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது. அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டாள். அன்ரனிற்றா கண்ணைத் திறந்து தமிழில் என்னிடம் சொன்னாள்: “வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. அம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகும், பாலத்துக்குப் போகாது.”

கைத்தொலைபேசி அந்தக் காட்டுக்குள் எடுக்கவில்லை. அந்த மனிசியின் வீட்டுக்கு உழவு மெசினில் ஏறிப் போய், அங்கிருந்து எமல்டாவுக்கு எடுத்தேன்.

“நான் பாலத்திலை நிக்கிறன் அக்கா” என்றாள் எமல்டா. “காலமை பதினொரு மணிக்கே வந்திட்டன். நீங்கள் எங்கை?”

விசயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. “ஐஞ்சு நாற்பதுக்கு ஒரு றெயின் இருக்கு அக்கா. அதை விட்டா இண்டைக்கு வீட்டை போய்ச் சேர ஏலாது. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்ரை விசாவுக்குக் கந்தோரிலை தேர்மின், வரச்சொல்லி நேரம் குறிச்சிருக்கிறாங்கள். அதுக்குப் போகாட்டில் எல்லாம் முடிஞ்சுது. ஐஞ்சு நாற்பது மட்டும் நிப்பன். அவவைக் கொண்டு வாங்கோ அக்கா. எப்பிடியாவது.”

அந்த மனிசி தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். ஞாயிறு, அவன் எங்கோ விருந்தில் இருந்து நல்ல சட்டையோடு வந்து சேர மூன்றரை. கொதித்துப்போன பிரேக் எண்ணெயை எடுத்து, புதிது விட்டு, மிதித்து மிதித்துச் சரிபார்த்தான். நாலரைக்கு முடிந்தது. ஆனால் அன்ரனிற்றாவை இருத்த முடியவில்லை. இரண்டாவது குளிசை வேலை செய்யும் வரைக்கும் மரியரட்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான். அவள் அவன் தலையைத் தடவினாள். “சரி சரி, மலையை நீங்களோ படைச்சியள்” என்றாள். ஐந்து மணிக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, “தூக்குங்கோ” என்றாள்.

இரண்டாம் கியரில் எஞ்சின் ஊளையிட ஊளையிட இறங்கினோம். மணிக்கு இருபத்தைந்து. அதைவிடக் கூட ஓட அவனுக்கும் துணிவில்லை, எங்களுக்கும் இல்லை. என் கைமணிக்கூட்டைச் சீலைத் தலைப்பால் மூடி வைத்திருந்தேன், அவள் பார்க்கக்கூடாது என்று.

பாலத்தடிக்குப் போனபோது ஆறேகால். வெயில் இன்னும் நன்றாக இருந்தது. மரியரட்ணம் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு பாலத்தின் நடுவுக்கு நடந்தான். அங்கே யாரோ இரண்டு பேர் ஐஸ்கிறீம் தின்றுகொண்டு நின்றார்கள். கம்பியில் ஒரு துணிப்பை கட்டியிருந்தது. அதற்குள் ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு துண்டுக் கடதாசியும். “அக்கா, ஒடியல்கூழ். நீங்கள் காய்ச்சித் தந்த மாதிரி வரேல்லை. குடியுங்கோ.” அவ்வளவுதான்.

மீனும் பனங்கிழங்கு மாவும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கூழை நான் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஆவி வந்தது. அன்ரனிற்றா ஒரு வாய் குடித்தாள். “சூடு ஆறேல்லை” என்றாள். “இப்பத்தான் போயிருக்கிறாள்.” பிறகு அந்தப் பக்கத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு, மெதுமெதுவாக, முழுவதையும் குடித்தாள். ஒரு கிழமையாக ஒரு கரண்டி சோறு இறங்காத ஆள். “புளி கொஞ்சம் கூட” என்றாள். மரியரட்ணம் அவளை ஏந்தியபடியே நின்றான். அவன் கண்ணீர் அவள் சீலையில் விழுந்தது, துடைக்க அவனுக்குக் கை இல்லை.

அடுத்த ஞாயிறு வரைக்கும் அங்கேயே காம்பிங்கில் நிற்போம் என்றான். எமல்டாவும் வருகிறேன் என்றாள். திங்கள் மத்தியானம் அன்ரனிற்றாவுக்கு மூச்சு முட்டியது. இம்முறை அம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குச் சத்தம் இல்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். அந்த யன்னலால் பார்த்தால் ஆறு தெரியும். எமல்டாவின் தேர்மின் நல்லபடி முடிந்தது, இன்னும் மூன்று மாதத்தில் பதில் சொல்வார்கள் என்று ரெலிபோனில் சொன்னாள். செத்த வீட்டுக்கு வர அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அன்ரனிற்றாவின் பெட்டியை ஏற்றிக்கொண்டு கறுப்பு வாகனம் டுசல்டோர்ஃபுக்குப் புறப்பட்டது. நாங்கள் பின்னால் பிக்கப்பில். சந்தியில் அவன் தயங்கினான். சின்ன ரோட்டுப் பக்கம் கை போனது.

“தம்பி” என்றேன், “அவ ஒட்டோபானாலை போறா.”

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் ஒட்டோபானில் ஏறினான். கறுப்பு வாகனம் வேகமாகப் போய் மறைந்துவிட்டது. நாங்கள் எண்பதில், வலப்பக்க ஓரத்தில். வெகு நேரம் கழித்து, “வீடு வெறுமையா வருது அக்கா, இழுக்கிற பாரமே தெரியேல்லை” என்றான். கடைசியில் அவள் நாற்பத்தொரு கிலோ. அரிசி மூட்டை உள்ளேதான் இருந்தது.

கார்ல்ஸ்றூவுக்கு முன்னால் ஒரு பொலிஸ் கார் எங்களை முந்தி வந்து, பின்னால் வரச்சொல்லி எழுத்து விளக்கைப் போட்டது. தரிப்பிடத்தில் நிறுத்தினோம். ஒரு இளம் பொலிஸ்காரன் யன்னலுக்கு வந்தான். மரியரட்ணம் ரோசா நிற லைசென்ஸையும் வாகனக் கடதாசியையும் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் கொடுத்தான். பொலிஸ்காரன் பார்த்தான், ஒருமுறை பின்னால் போய் வோன்வாகனின் கொழுவியைப் பார்த்தான், திரும்பி வந்து எல்லாவற்றையும் கையில் கொடுத்தான்.

“எல்லாம் சரி. நல்ல பயணமாக இருக்கட்டும்” என்றான். கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டான்.

மரியரட்ணம் எஞ்சினை இயக்கவில்லை. கடதாசிகள் மடியில் கிடந்தன. பொலிஸ் கார் போய் ஒட்டோபானில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன், ஐயோ.

“இவ்வளவுதானோ அக்கா?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி” என்றேன். “இவ்வளவுதான்.”

“அரை நிமிஷம்கூட இல்லையே அக்கா” என்றான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவன் குழறி அழுதான். வோன்வாகன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு ஜெர்மன் குடும்பம் பக்கத்தில் நிறுத்தி, மேசை விரித்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தது.